டர்பன் 'இந்தாபா' பயணச் சந்தை: முதல் முறை போகும் டிராவல்ஸ்காரர்களின் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் கடற்கரை நகரமான டர்பனில் மே மாதம் நடக்கும் பயணத் தொழில் சந்தைக்கு 'ஆப்பிரிக்காஸ் டிராவல் இந்தாபா' என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக இந்தாபா என்பார்கள். மதுரை, திருச்சி, கோவை, சேலம் என்று நம் ஊர்களில் நடுத்தர அளவில் டூர் நடத்துபவர்கள் இதற்குப் போகலாமா, போனால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். விசா விதிகளும் கட்டணங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் விண்ணப்பிக்கும்போது அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இது பொருட்காட்சி மாதிரியா? டிக்கெட் வாங்கிப் போய்ச் சுற்றிப் பார்க்கலாமா?

முடியாது. இது முழுக்க முழுக்கத் தொழில்காரர்களுக்கான சந்தை. ஒரு பக்கம் விற்பவர்கள்: ஓட்டல்கள், சஃபாரி லாட்ஜ்கள், பேருந்து நிறுவனங்கள், உள்ளூர் ஏற்பாட்டாளர்களான டிஎம்சிகள், மாகாணச் சுற்றுலா வாரியங்கள். மறுபக்கம் வாங்குபவர்கள், அதாவது உலகெங்கிலும் இருந்து வரும் நம்மைப் போன்ற டூர் ஆபரேட்டர்கள். இரு தரப்பிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வருகிறார்கள். நடத்துவது தென்னாப்பிரிக்க அரசின் சுற்றுலா அமைப்பான சவுத் ஆப்பிரிக்கன் டூரிசம். நடத்துவது ஒரு நாடு என்றாலும் ஜிம்பாப்வே, ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, மொசாம்பிக் என்று பல ஆப்பிரிக்க நாடுகள் தனித்தனி அரங்கு போடுகின்றன.

இடம், டர்பன் நகரின் நடுவில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி சர்வதேச மாநாட்டு மையம். எல்லோரும் ஐசிசி என்பார்கள். 1997-இல் நெல்சன் மண்டேலா திறந்துவைத்த கட்டடம். லுத்துலி, ஆப்பிரிக்கர்களில் முதன்முதலில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று குரூப்தான் அனுப்புகிறேன். நான் போய் என்ன ஆகப்போகிறது?

நேர்மையாகச் சொன்னால், மும்பையிலோ டெல்லியிலோ உள்ள பெரிய ஏற்பாட்டாளரிடம் பேக்கேஜ் வாங்கி உங்கள் ஊரில் விற்பதே உங்கள் வேலை என்றால் இந்தாபா உங்களுக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தில் வேறு ஏதாவது செய்யலாம். ஆனால் நேரடியாக உள்ளூர் டிஎம்சியோடு பேசி, உங்கள் வாடிக்கையாளருக்கு ஏற்றபடி நீங்களே பயணத் திட்டம் போட நினைத்தால், அதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. வேறு வழியில் ஓராண்டு மின்னஞ்சல் அனுப்பித் தெரிந்துகொள்ளும் விஷயம் இங்கே மூன்று நாளில் முடிந்துவிடும்.

'ஹோஸ்டட் பயர்' என்கிறார்களே, எல்லாச் செலவையும் அவர்களே ஏற்பார்களா?

தேர்ந்தெடுக்கப்பட்ட வாங்குநர்களுக்குத் தங்குமிடம், பயணம் போன்றவற்றை ஏற்பாட்டாளர்கள் கொடுப்பதுதான் ஹோஸ்டட் பயர் திட்டம். அந்த ஆண்டு எதையெல்லாம் ஏற்கிறார்கள் என்பது அழைப்பிலேயே இருக்கும். விண்ணப்பத்தில் உங்கள் நிறுவனம் எத்தனை பேரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது, யாரோடு தொழில் செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். எண்ணிக்கையைப் பெருக்கிப் போடாதீர்கள். நீங்கள் குறிப்பிடும் டிஎம்சியிடமே அவர்கள் விசாரிக்கலாம்.

ஓசி என்று நினைத்துக்கொண்டும் போகாதீர்கள். இம்மாதிரித் திட்டங்களில் குறைந்தபட்சம் இத்தனை சந்திப்புகளை முடிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அரங்குக்குள் வராமல் ஊர் சுற்றினால் அடுத்த முறை உங்கள் பெயர் பட்டியலில் இருக்காது.

தென்னாப்பிரிக்கச் சுற்றுலா அமைப்புக்கு மும்பையில் அலுவலகம் இருக்கிறது. இந்திய நகரங்களில் ரோட்ஷோவும், ஏஜென்டுகளுக்கு 'லேர்ன் எஸ்ஏ' என்ற பயிற்சியும் நடத்துகிறார்கள். முதலில் அந்தப் பயிற்சிக்குப் போய் முகம் காட்டுங்கள். விண்ணப்பப் படிவத்தில் மட்டும் தெரியும் பெயருக்கும், ஏற்கெனவே பார்த்துப் பேசிய ஆளுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

மே மாதம் நமக்கு சீசன் ஆச்சே. கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

இதுதான் உண்மையான சிக்கல். பள்ளி விடுமுறை, எல்லாக் குரூப்பும் வெளியே, அலுவலகத்தில் போன் ஓயாது. சிலர் ஒரு குரூப்பைத் தென்னாப்பிரிக்காவுக்கே அனுப்பி, தாமே டூர் மேனேஜராகப் போய், குரூப் திரும்பியதும் டர்பன் போகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். குரூப்போடு பத்து நாள் அலைந்தபின் சந்தையில் நிற்கத் தெம்பு இருக்காது. அலுவலகத்தில் பொறுப்பான ஒருவரை உட்கார வைத்துவிட்டு, இதற்கென்று தனியாகப் போவதே நல்லது.

கேப் டவுனில் நடப்பதற்குப் போகலாமா, டர்பனுக்கா?

கேப் டவுனில் ஏப்ரலில் நடப்பது 'டபிள்யூடிஎம் ஆப்பிரிக்கா'. தனியார் கண்காட்சி நிறுவனம் நடத்துவது. அதுவும் நல்ல சந்தைதான். ஜோகன்னஸ்பர்க்கில் பிப்ரவரியில் நடக்கும் 'மீட்டிங்ஸ் ஆப்பிரிக்கா' மாநாடு, டீலர் மீட் போன்ற கார்ப்பரேட் குரூப்களுக்கானது. டீலர் டூர் செய்பவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். குடும்பங்களை அனுப்பும் ஆளுக்கு டர்பன். ஒன்பது மாகாணங்களும் ஒரே கூரையின் கீழ் வருவதும், சின்ன விற்பனையாளர்களுக்கு அரசே இடம் பிடித்துக் கொடுப்பதும் இங்கேதான் எனக்குப் பிடித்தவை.

விசா எப்போது போட வேண்டும்?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். சந்தை தேதி முடிவானதும், இரண்டு மாதம் முன்பே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். சந்தையின் அழைப்பு அல்லது பதிவு உறுதிக் கடிதம், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் ஆகியவை அடிப்படை. பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். ஏஜென்டுகள் பாஸ்போர்ட்டில்தான் எப்போதும் இடம் இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தை முடிந்து விக்டோரியா அருவி பார்த்துவிட்டு மறுபடி ஜோகன்னஸ்பர்க் வழியாக நாடு திரும்புவதானால், பல முறை நுழையும் விசா கேட்டு வாங்குங்கள். ஒற்றை நுழைவு விசாவோடு ஜிம்பாப்வே போனால் திரும்ப உள்ளே வர முடியாது.

இன்னொன்று, உங்கள் தொழிலுக்கே தேவையானது. இந்தியா, சீனா நாடுகளின் குரூப்களுக்கு விசாவை எளிதாக்க 2025 தொடக்கத்தில் 'நம்பகமான டூர் ஆபரேட்டர் திட்டம்' என்று ஒன்றைத் தென்னாப்பிரிக்கா கொண்டுவந்தது. அதில் சேர்க்கப்பட்ட நிறுவனங்கள் வழியாகப் போகும் குரூப்களுக்கு விண்ணப்ப வேலை குறைகிறது. நீங்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும், இருப்பவரோடு சேர்ந்து குரூப் அனுப்ப முடியுமா என்று சந்தையில் விசாரிக்கலாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையா?

எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. துபாய், தோஹா வழியாகப் போனால் தேவையில்லை. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டிலிருந்து வந்தாலோ, அப்படிப்பட்ட நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். எத்தியோப்பியா, கென்யா இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளவை. அடிஸ் அபாபா வழி டிக்கெட் மலிவாகக் கிடைக்கும்போது இதை மறந்துவிடுவார்கள். சான்றிதழ் ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஆப்பிரிக்கா விற்பவர் ஒரு முறை போட்டுவைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாக எமிரேட்ஸ், அல்லது தோஹா வழியாக கத்தார் ஏர்வேஸ் என்று பார்க்கலாம். ஜோகன்னஸ்பர்க் போய் அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் போவது இன்னொரு வழி. பறக்கும் நேரம் ஒரு மணியைக் கொஞ்சம் தாண்டும். அப்படிப் போனால் ஜோகன்னஸ்பர்க்கிலேயே குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு கவுன்டரில் போட வேண்டும். சென்னையில் 'டர்பன் வரை' என்று டேக் ஒட்டியிருந்தாலும் இதுதான் நடைமுறை. இரண்டு விமானத்துக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்பாக 2010 மே மாதம் திறந்தது. ஊருக்குள் வரும் வழியில் இரு பக்கமும் கரும்புக் காடு தெரியும். அந்தக் கரும்பைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எங்கே தங்குவது? டர்பன் பாதுகாப்பான ஊரா?

ஐசிசியை ஒட்டியே ஹில்டன் இருக்கிறது. மற்றபடி 'கோல்டன் மைல்' எனப்படும் கடற்கரைச் சாலையில் வரிசையாக ஓட்டல்கள். சந்தை நாட்களில் குறிப்பிட்ட ஓட்டல்களுக்கும் ஐசிசிக்கும் ஷட்டில் பேருந்து விடுவது வழக்கம். அந்தப் பட்டியலில் உள்ள ஓட்டலாகப் பார்த்துப் போட்டால் அலைச்சல் மிச்சம். வடக்கே உம்ஷ்லாங்கா நல்ல இடம்தான். ஆனால் காலையிலும் மாலையிலும் போக்குவரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். காலை ஆறரை மணிக்குக் கடற்கரை நடைபாதையில் ஓடுபவர்கள், அலைச்சறுக்குப் பலகையோடு போகும் பிள்ளைகள், மீன் பிடிக்கும் தாத்தாக்கள் என்று ஜேஜே என்றிருக்கும். தாராளமாக நடக்கலாம். மே மாதத்தில் மாலை ஐந்தே காலுக்குள் சூரியன் இறங்கிவிடும். அதன்பின் ஐசிசியிலிருந்து கடற்கரை ஓட்டலுக்கு 'பக்கம்தானே' என்று நடக்கக் கூடாது. ஊபர், போல்ட் இரண்டும் ஓடுகின்றன. இந்திய வழக்கப்படி ரோட்டோரம் நின்று போனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி எங்கே வருகிறது என்று பார்க்காதீர்கள். கட்டடத்துக்குள் நின்று, வண்டி வந்ததும் எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அரங்கை விட்டு வெளியே வந்ததும் கழற்றிப் பைக்குள் போடுங்கள். வெளியூர் ஆள் என்று ஊருக்கே அறிவிக்கும் பலகை அது.

சந்திப்புகளை எப்படி ஏற்பாடு செய்வது? போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று போனவர்கள் பை நிறையப் புத்தகத்தோடு திரும்புவார்கள், வேறொன்றும் இருக்காது. சந்தை தொடங்கும் முன்பே ஆன்லைன் டைரி திறக்கப்படும். யார் விற்கிறார்கள் என்று பட்டியல் இருக்கும். நீங்கள் நேரம் கேட்கலாம், அவர்களும் உங்களைக் கேட்கலாம். இந்த டைரியை நிரப்புவதுதான் உண்மையான வேலை. டர்பனில் நடப்பது அதன் மிச்சம்.

டைரி திறந்த நாளிலேயே பெரிய ஓட்டல் குழுமங்களும் பேர்போன லாட்ஜ்களும் உங்களுக்கு அழைப்பு அனுப்பத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் 'சரி' கொடுத்துவிடாதீர்கள். பெரிய ஓட்டல் குழுமத்தின் விலை உங்கள் டிஎம்சி வழியாகவே வரும். நீங்கள் தனியாகக் கேட்டாலும் அதைவிடக் குறையாது. அந்தச் சந்திப்பு ஒரு காபியோடு முடியும். நேரத்தை மூன்று விதமானவர்களுக்கு ஒதுக்குங்கள். முதலில், இந்தியக் குரூப் கையாண்டு பழகிய டிஎம்சிகள். நான்கைந்து பேரைப் பார்த்தால்தான் விலையும் பேச்சும் ஒப்பிட முடியும். அப்புறம், பேருந்து வைத்திருப்பவர்கள், இந்தியச் சாப்பாடு செய்து தருபவர்கள். கடைசியாக, நீங்கள் கேள்வியே படாத ஊர்களின் சின்ன விற்பனையாளர்கள்.

இந்தக் கடைசி ரகத்துக்கு 'ஹிடன் ஜெம்ஸ்' என்று தனிப் பகுதியே உண்டு. சிறு தொழில்முனைவோரைச் சுற்றுலாத் துறை தன் உதவியோடு அங்கே கொண்டுவந்து உட்கார வைக்கிறது. நாலு அறை விருந்தினர் இல்லம், கிராமத்து நடைப்பயணம், படகுச் சவாரி என்று இருக்கும். பெரும்பாலான வாங்குநர்கள் அந்தப் பக்கம் வேகமாக நடந்து போய்விடுவார்கள். அதனால் அங்கே உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

சந்தைக்கு முந்தைய நாள் 'பான்டே' என்ற கருத்தரங்கு நாள். முதல் முறை போகிறவர் அவசியம் போகலாம். பேச்சுகளைவிட, தேநீர் இடைவேளையில் யார் யார் என்று முகம் தெரிந்துகொள்வதற்காக.

ஸ்டாலில் உட்கார்ந்ததும் என்ன கேட்பது?

விலையில் ஆரம்பிக்காதீர்கள். 'நான் இன்ன ஊர், வருடத்தில் இன்ன மாதம், இத்தனை பேர், பெரும்பாலும் குடும்பங்கள், சராசரி வயது இவ்வளவு' என்று இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். அதைக் கேட்டபின் அவர்களே எதைக் காட்டுவது என்று முடிவு செய்வார்கள். விலை என்று வரும்போது அங்கே 'எஸ்டிஓ ரேட்' என்பார்கள். டூர் ஆபரேட்டருக்கான விலை. அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, 15 சதவீத வாட் வரி உள்ளடங்கியதா, சரணாலய நுழைவுக் கட்டணம் தனியா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம் வாடிக்கையாளருக்கென்று கேட்க வேண்டியவை வேறு. அறையில் மூன்றாவது கட்டில் போட முடியுமா? பல தென்னாப்பிரிக்க ஓட்டல்களில் இரண்டு பேர் அறைதான். குழந்தைகளைத் திறந்த ஜீப்பில் ஏற்றுவார்களா? தனியார் லாட்ஜ்கள் பலவற்றில் 6 வயதுக்குக் குறைந்தவர்களை சஃபாரி வண்டியில் ஏற்றமாட்டார்கள். சிலவற்றில் 12 வயது ஆகாத குழந்தைக்கு இடமே இல்லை. மூன்று வயதுப் பேரனோடு ஒரு குடும்பம் போய் நின்றபிறகு இதைத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவு எட்டரை மணிக்குக் குரூப் வந்து சேர்ந்தால் சமையலறை திறந்திருக்குமா? விடியற்காலை கிளம்பினால் காலை உணவைக் கட்டிக் கொடுப்பார்களா, அதில் சைவம் எது?

சைவம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட வேண்டாம். இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம், பொரிக்கும் எண்ணெயும் தனி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.

யாரை நம்புவது? முன்பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால்?

அரங்கில் ஸ்டால் போட்டிருக்கிறார் என்பதே உத்தரவாதம் ஆகாது. தங்குமிடங்களுக்கு நட்சத்திரம் கொடுப்பது தென்னாப்பிரிக்கச் சுற்றுலா தர மதிப்பீட்டு மன்றம். சான்றிதழ் பலகையைக் காட்டச் சொல்லலாம். டூர் நடத்துபவர்களுக்கு 'சாட்சா' என்ற சங்கம் இருக்கிறது, உறுப்பினரா என்று பாருங்கள். அங்கே வழிகாட்டிகள் சட்டப்படி பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். வண்டிக்குப் பயணிகள் காப்பீடு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

பணத்தில் இப்போது நடக்கும் பெரிய ஏமாற்று வேறு மாதிரி. டிஎம்சி நல்லவராகத்தான் இருப்பார். அவருடைய மின்னஞ்சலுக்குள் யாரோ புகுந்து, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று உங்களுக்கு எழுதுவார்கள். அதனால் சந்தையில் நேரில் பார்க்கும்போதே வங்கி விவரத்தை அவர் கையிலிருந்து தாளில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மாற்றம் என்று மெயில் வந்தால் போனில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஆப்பிரிக்காவிலேயே நம் ஆட்களுக்குச் சாப்பாட்டுக் கவலை குறைந்த ஊர் டர்பன்தான். பிரியாணி, சமோசா, ரொட்டிக்குள் குழம்பு சுருட்டிய ரோல் என்று தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஊரின் அடையாளம் 'பன்னி சௌ'. உறையில் போட்டு விற்கும் வெட்டாத ரொட்டியைக் கால் அல்லது அரை அளவுக்கு வெட்டி, நடுவில் குடைந்து, அந்தக் குழியில் குழம்பை ஊற்றிக் கொடுப்பார்கள். ஆட்டுக்கறி, கோழி மட்டுமல்ல, பீன்ஸ் பன்னியும் உண்டு. சைவக்காரர்கள் அதைக் கேட்கலாம். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டு மேலே மூடியாக இருக்கும். முதலில் அதைக் குழம்பில் தொட்டுத் தின்றுவிட்டு, அப்புறம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டு கீழே வர வேண்டும். பசியில் பக்கவாட்டில் கிழித்தால் குழம்பு முழுக்க மேசைக்கு வந்துவிடும். ஸ்பூன் கேட்டால் சிரிப்பார்கள். பக்கத்தில் துருவிய கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் வைப்பார்கள். காரம் நம் ஊர்க் காரத்துக்குக் குறைந்ததில்லை.

அரங்குக்குள் மதியம் கூட்டம் அதிகம். பையில் முறுக்கோ கடலை மிட்டாயோ வைத்துக்கொள்வது நம் பழக்கம்தானே.

டர்பனில் தமிழ் பேசிச் சமாளிக்கலாமா? நிறையத் தமிழர்கள் என்கிறார்களே?

தமிழர்கள் நிறைய, தமிழ் பேசுபவர்கள் குறைவு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பனில் வந்து நின்றது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் 342 பேர் அதில் இருந்தார்கள். 1911 வரை இப்படி வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேல். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் தெரியும் கரும்பு, அவர்கள் வந்து வெட்டிய கரும்பின் தொடர்ச்சி. சந்தையிலேயே கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு, படையாச்சி என்ற பெயர் அட்டைகளைப் பார்ப்பீர்கள். ஐந்தாறு தலைமுறை கடந்தவர்கள். வீட்டு மொழி ஆங்கிலம். கோவிலில் தேவாரம் பாடத் தெரிந்த ஒருவருக்கு 'சாப்பிட்டீர்களா' என்றால் புரியாமல் போகலாம்.

ஆகவே எடுத்த எடுப்பில் தமிழில் பொழிந்து அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். 'உங்களுக்குத் தமிழ் தெரியாதா?' என்ற கேள்வியை அவர்கள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். வணக்கம் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் பேசுங்கள். பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். பலருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள ஆசை உண்டு. வேலூர், ஆற்காடு, தஞ்சாவூர்ப் பக்கம் டூர் நடத்துபவருக்கு இதில் வேறொரு தொழிலும் இருக்கிறது: அங்கிருந்து இங்கே, பூர்வீகம் தேடி வருபவர்கள்.

சரி, டர்பனை நம் ஊர் வாடிக்கையாளருக்கு விற்க முடியுமா?

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. நம் ஊரில் விற்கும் தென்னாப்பிரிக்கா பேக்கேஜைப் பாருங்கள்: ஜோகன்னஸ்பர்க், சன் சிட்டி, ஒரு சஃபாரி, கார்டன் ரூட், கேப் டவுன். குஜராத்திக் குரூப்புக்குப் போட்ட அதே திட்டத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்கிறோம். தமிழருக்கு மிக நெருக்கமான ஊர் டர்பன். சந்தைக்கென்று அங்கேயே போய் இறங்குகிறோம், ஆனால் அதைப் பேக்கேஜில் வைப்பதில்லை.

மூன்று இரவு டர்பன் என்று வைத்துப் பாருங்கள். ஒரு நாள் கோவில்கள். உம்கேனி ரோட்டில் 1880களில் எழுந்த ஈஸ்வரர் கோவில் வளாகம். கேட்டோ மேனரில் அம்பலவாணர் ஆலயம்: உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோவிலை 1905 வெள்ளம் கொண்டுபோனபின், 1947-இல் இப்போதைய இடத்தில் கட்டியது, 1980-இல் தேசிய நினைவுச் சின்னமானது. மவுன்ட் எட்ஜ்கோம்பில் மாரியம்மன் கோவில்; புனித வெள்ளியன்று அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழா நடக்கிறது. ஒப்பந்தக் கூலிகளுக்குக் கிடைத்த விடுமுறை நாள் அது என்பதால் திருவிழாவை அந்த நாளில் வைத்துக்கொண்டார்கள், இன்றும் அப்படியே. ஏப்ரலில் வரும் குரூப்பின் தேதி ஒத்துவந்தால் இதைவிட வேறு என்ன வேண்டும்?

இன்னொரு நாள், 1904-இல் காந்தி தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு, அப்படியே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். 1893 ஜூனில் அவரை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட இடம். நினைவுப் பலகை இருக்கிறது, நடைமேடையில் நின்று படம் எடுக்காமல் யாரும் வரமாட்டார்கள்.

விலங்குதான் வேண்டும் என்பவர்களுக்கு ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி சரணாலயம், சாலையில் மூன்று மூன்றரை மணி நேரம். 1895-இல் அறிவிக்கப்பட்டது, வெள்ளைக் காண்டாமிருகம் அழியாமல் தப்பிய காடு. பெரிய சஃபாரி காடான க்ரூகர் தேசியப் பூங்காவைவிடச் சின்னது, அதனால் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரமும் குறைவு, வயதானவர்களுக்கு அது நல்லது. ஜூன் முதல் நவம்பர் வரை கடலோரம் திமிங்கிலம் பார்க்கலாம். ட்ரேக்கன்ஸ்பர்க் மலையும் இசிமங்கலிசோ ஈரநிலமும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். இதையெல்லாம் விற்கும் குவாசுலு-நட்டால் மாகாண அரங்கு, சந்தையில் நீங்கள் நுழைந்ததும் கண்ணில் படும் பெரிய அரங்குகளில் ஒன்று.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரலில் பெருவெள்ளம் வந்து நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கழிவுநீர்க் கட்டமைப்பு பாதிக்கப்பட்டு, அதன்பின் சில கடற்கரைகளை அவ்வப்போது மூடினார்கள். குரூப் கடலில் இறங்குவதாக இருந்தால் அந்த வாரம் எந்தக் கடற்கரை திறந்திருக்கிறது என்று டிஎம்சியிடம் கேளுங்கள். கொடி நட்ட இடத்துக்குள் மட்டும் குளிக்கச் சொல்லுங்கள். அங்கே உயிர்காப்பாளர் இருப்பார், சுறா வராமல் தடுப்பும் போட்டிருப்பார்கள்.

என்ன உடை, என்ன பொருள் எடுத்துப் போவது?

மே மாதம் அங்கே குளிர்காலத்தின் வாசல். பகலில் 24, 25 டிகிரி, இரவில் 14 வரை இறங்கும், மழை குறைவு. கோட் சூட் கட்டாயமில்லை. முழுக்கைச் சட்டையும், நடந்து பழகிய ஷூவும் போதும். புது ஷூ வேண்டவே வேண்டாம். பெண்கள் பலர் பட்டுச் சேலையில் வருகிறார்கள், முதல் நாள் பார்த்தவரை மூன்றாம் நாளும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

மின் பிளக் பெரியது, நம் வீட்டு ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் மூன்று முள் மாதிரி. அதற்குப் பொருந்தும் அடாப்டரை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். சிம் வாங்க பாஸ்போர்ட்டும் தங்கும் முகவரியும் கேட்பார்கள். பணத்துக்கு ஃபாரெக்ஸ் கார்டு எல்லா இடத்திலும் ஓடும். டிப்ஸுக்கும், வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்துக்கொள்பவருக்கும் சில்லறை ராண்ட் வைத்துக்கொள்ளுங்கள். உணவகத்தில் பத்து சதவீதம் டிப்ஸ் வழக்கம். நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்னால். அங்கே காலை எட்டு மணிக்கு இங்கே பதினொன்றரை, அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

விசிட்டிங் கார்டு இன்னும் கேட்கிறார்களா?

கேட்கிறார்கள். வாங்கியதும் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: 'மூன்று கட்டில் அறை உண்டு', 'சமையல்காரரை அழைத்து வரலாம் என்றார்' என்பது மாதிரி. ஊர் திரும்பியபின் நூறு கார்டில் எந்த முகம் எது என்று யாருக்கும் நினைவு இருக்காது.

திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வது?

ஒரு வாரத்துக்குள் பத்துப் பேருக்கு மட்டும் எழுதுங்கள். 'சந்தித்ததில் மகிழ்ச்சி' என்பதோடு நிறுத்தாமல், ஒரு கற்பனைக் குரூப்பைச் சொல்லி விலை கேளுங்கள்: அடுத்த ஏப்ரல், 22 பேர், எட்டு இரவு, இன்ன இன்ன ஊர். யார் இரண்டு நாளில் பதில் தருகிறார், யார் கேட்ட கேள்விக்குப் பதிலாக அச்சடித்த பேக்கேஜை அனுப்புகிறார் என்று அப்போதே தெரிந்துவிடும். குரூப் மாட்டிக்கொண்ட நேரத்தில் போனை எடுப்பவர் முதல் ரகத்தில்தான் இருப்பார்.

மனைவியையும் அழைத்துப் போகலாமா?

போகலாம். ஆனால் பதிவு செய்யாதவரை அரங்குக்குள் விடமாட்டார்கள், ஹோஸ்டட் பயர் அறையிலும் கூடுதல் ஆளுக்குத் தனிக் கட்டணம் வரலாம், முன்பே கேளுங்கள். அவர் பகலில் உஷாகா கடல்வாழ் உயிரியல் பூங்காவைப் பார்க்கலாம், மோசஸ் மபீடா அரங்கின் 106 மீட்டர் உயர வளைவின் உச்சிக்குப் போகும் ஸ்கைகார் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு போகலாம், விக்டோரியா தெரு மார்க்கெட்டில் டர்பன் மசாலா வாங்கலாம். மார்க்கெட்டுக்கு மட்டும் தனியாக வேண்டாம், உள்ளூர் வழிகாட்டியோடு பகலிலேயே போய்வரச் சொல்லுங்கள்.